தலைவரா, தரகரா?

கேள்வி: என் அப்பா நெய்வேலி சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தப்பா அங்கேயே ஒப்பந்தத் தொழிலாளி. சங்கப் பேச்சு வந்தாலே இருவருக்கும் முட்டிக்கொள்ளும். "தலைவர்கள் இல்லையென்றால் கம்பெனியை எப்போதோ விற்றிருப்பான்" என்பார் அப்பா. "அவர்கள் தலைவர்கள் இல்லை, தரகர்கள்" என்பார் சித்தப்பா. நானும் இப்போது ஒப்பந்த வேலைக்குப் போகிறேன். யார் சொல்வது சரி? சங்கத்தில் சேரலாமா?
– வாசகர், மங்கலம்பேட்டை

பதில்: உங்கள் அப்பா சொல்வதற்குச் சாட்சி இருக்கிறது. 2006 ஜூலையில் மத்திய அரசு நெய்வேலியின் 10 சதவீதப் பங்கை விற்க முடிவெடுத்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆட்சிக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்த தி.மு.க.வும் முறைத்தது. பிரதமர் மன்மோகன் சிங் பங்கு விற்பனைகள் அத்தனையையுமே நிறுத்திவைத்தார். 2013-ல் மீண்டும் பங்கு விற்க முனைந்தபோது மறுபடி ஸ்ட்ரைக். கடைசியில் அப்போது விற்ற பங்குகளைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கின. இப்படி ஜெயித்த சங்கங்கள் நாட்டில் அதிகமில்லை.

சித்தப்பா பக்கமும் கதை உண்டு. பணிநிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் 2010-லும் 2012-லும் வாரக்கணக்கில் வெளியே நின்றார்கள். உள்ளே ஷிப்டுகள் நடந்தன. ஒரே சுரங்கத்தில், ஒரே மண் தூசியில் நிற்கிறவர்கள்தான். ஆனால் பெரும்பான்மைச் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் ரகசிய வாக்கெடுப்பில் நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் ஓட்டு. ஓட்டில்லாதவனுக்குத் தலைவர் தரகராகத் தெரிவதில் எனக்கு வியப்பில்லை.

இந்தப் பிளவு நெய்வேலியில் பிறந்ததில்லை. 1918 ஏப்ரலில் பி.பி.வாடியா தலைவராகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஆள் திரட்டினார்கள். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளியின் முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியவர்களின் குறையிலிருந்து கிளம்பியதுதான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பலரும் எழுதும் அந்தச் சங்கம். வாடியாமீது பின்னி தொடர்ந்த வழக்குதான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது. இன்று நீங்கள் சந்தா ரசீது கேட்டு வாங்கலாம் என்றால் அதில் அவர்களுக்குப் பங்குண்டு.

அதே சங்கம் 1921-ல் நடத்திய வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் ஆலைக்குள் போனார்கள். கையிருப்பு இல்லாதவன் எத்தனை வாரம் பட்டினி கிடப்பான்? சங்கத்தை நடத்தியவர்கள் சாதி இந்துக்கள். தங்கள் பேச்சு அங்கே எடுபடும் என்ற நம்பிக்கையும் ஆதிதிராவிடருக்கு இல்லை. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா வேலைக்குப் போனவர்கள் பக்கம் நின்றார். நிர்வாகமும் அரசாங்கமும் இந்தப் பிளவில் நன்றாகவே குளிர்காய்ந்தன. வெளியே நின்றவர்கள் உள்ளே போனவர்களைக் கருங்காலி என்றார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய திரு.வி.க. மென்மையானவர், வன்முறையை வெறுத்தவர், கவர்னர் வில்லிங்டன் நாடுகடத்துவதாக மிரட்டியும் அசையாதவர். அப்படிப்பட்டவர் இருந்தும் தீயைத் தடுக்க முடியவில்லை. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. திரு.வி.க.வை வணங்குகிற நான், புளியந்தோப்புக்காரரின் பேரன் வணங்காவிட்டால் குறை சொல்ல மாட்டேன்.

பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் கதையும் இந்தச் சாயலில்தான். 1984 மார்ச்சில் நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, அரசு நிறையச் சுரங்கங்களை மூடப் பார்க்கிறது என்றார். அரசுத் தரப்பில் 20 என்றுதான் கணக்குச் சொன்னார்கள். 75 வரை மூடும் திட்டம் இருந்ததை 2014-ல் வெளியான அரசு ஆவணங்கள் காட்டின. ஆள் சொன்னது சரிதான். ஆனால் நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்த மறுத்துவிட்டார். நாட்டிங்ஹாம்ஷயர்காரர்கள் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள், பிறகு தனிச் சங்கமே கண்டார்கள். மற்றவர்கள் ஓராண்டு போராடி வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்தத் தோல்விக்குப் பிரதமர் தாட்சர் மட்டுமே காரணம் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன்.

ஆகவே ஒரு தலைவரை எடைபோட, அவர் எத்தனை ஸ்ட்ரைக் ஜெயித்தார் என்று எண்ண மாட்டேன். சங்கத்துக்கு வெளியே நின்ற தொழிலாளியை எப்படி நடத்தினார் என்று பார்ப்பேன். அந்தத் தராசில் உங்கள் அப்பாவின் தலைவர்கள் கொஞ்சம் எடை குறைந்துதான் நிற்பார்கள். அதற்காக அவர்களைத் தரகர்கள் என்பது அநியாயம்.

சங்கத்தில் சேருங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சங்கம் வைக்கச் சட்டத்தில் இடமுண்டு, நெய்வேலியில் சங்கங்களும் இருக்கின்றன. சேருமுன் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது, பதிவாளருக்கு அனுப்பிய வருடாந்திர வரவுசெலவைக் காட்டுவார்களா. முகம் சுளித்தால் அடுத்த சங்கத்தைப் பாருங்கள். கேட் மீட்டிங்குக்குப் போகும்போது அப்பாவையும் ஒருநாள் கூட்டிப் போங்கள். பேச்சுவார்த்தை மேசையில் எதில் கையெழுத்துப் போடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.