தெரிந்து தெளிதல்: வேலை தேடுவோர்க்கும் தருவோர்க்கும்

ஆண்டுத் தேர்வு நெருங்குங் காலத்தில் நம் கல்லூரி விடுதியில் இருவகை எழுத்து வேலை நிகழ்வதை யாவரும் அறிவர். ஒன்று பாடக் குறிப்பு எழுதுதல்; மற்றொன்று விண்ணப்பம் எழுதுதல். முன்னதை எழுதுவோர் உறங்கிய பின்னரும் பின்னதை எழுதுவோர் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒருவர் எழுதிய விண்ணப்பத்தைப் பெயர் மட்டும் மாற்றி ஒன்பதின்மர் படியெடுப்பர். அவ்வொன்பதும் ஒரே அலுவலகத்தைச் சென்று சேர்வதும் உண்டு. 'தமிழ் படித்து யாது செய்யப்போகிறாய்?' என ஊரார் கேட்கும் வினாவுக்கு இன்னும் ஓராண்டில் விடை கூறவேண்டிய நிலையில் யாம் இருக்கின்றோம். ஆகலின் இப்பொருளைச் சிறிது ஆராய்தல் எமக்கும் எம்மையொத்த மாணவர்க்கும் பயன்படும் எனக் கருதினோம். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று பிறர்க்கு வேலை தரும் நிலையில் இருப்பவர். அவர்களை நோக்கியும் சில கூறத் துணிந்தோம். இளையோர் துணிவைப் பொறுத்தருள்க.

எம் ஆனர்ஸ் வகுப்பிற் பயின்ற திருக்குறட் பகுதியிலிருந்தே தொடங்குதும். பொருட்பாலில் 51-ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. 52-ஆம் அதிகாரம் 'தெரிந்து வினையாடல்'. இவை அரசர்க்குரியன என்றெண்ணித் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவோர் பலர். உண்மையில் இவ்விருபது குறளும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், எடுத்தபின் நடத்தும் முறையையும் ஒருசேரக் கூறுவன. அதிகாரப் பெயரிலேயே முறைவைப்பு அடங்கியிருக்கின்றது. 'தெரிதல்' ஆராய்தல், 'தெளிதல்' நம்புதல். ஆராய்தல் முன்னும் நம்புதல் பின்னும் நிற்கின்றன. உலகியலிலோ இம்முறை பெரும்பாலும் தலைகீழாகின்றது. அறைக்குள் நுழைந்தவனுடைய உடையையும் நடையையும் கண்ட மாத்திரத்தில் உள்ளம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றது. பின்னர்க் கேட்கும் கேள்விகளெல்லாம் அம்முடிவுக்குச் சான்று தேடுவனவே.

எவ்வாறு ஆராய்வது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. 51-ஆம் அதிகாரத்தின் முதற்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வழியாகவும் ஒருவனைச் சோதிக்கும் முறைகளை விரித்துரைக்கின்றார். இவை கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலும் உள்ளன. 1909-இல் மைசூரில் அச்சேறிய அந்நூலைப் பார்த்தால், இச்சோதனைகள் யாவும் ஒற்றரைக்கொண்டு பொய்யாகக் கட்டிய நாடகங்கள் என்பது புலனாகும். அரசனைக் கொல்ல வருகின்றாயா என ஒருவன் இரகசியமாய்க் கேட்பான், இசைந்தவன் அகப்படுவான். ஆயினும் கௌடிலியரே, நல்ல நீரில் நஞ்சு கலப்பதுபோல் கெடாத மனத்தை இச்சோதனையாற் கெடுத்துவிடலாகாது என எச்சரிக்கின்றார். இவ்வெச்சரிக்கையே எமக்குச் சோதனைகளினும் சிறந்ததாகத் தோன்றுகின்றது. வேலைக்கு வந்த இளைஞனைத் திகைக்கச் செய்யவேண்டுமென்றே குறுக்குக் கேள்வி கேட்டு மகிழும் பெரியோர் இன்றும் உளர். திகைத்தவன் திறமையற்றவன் ஆகான். திகைத்தான் என்பதொன்றே அதனால் விளங்கும்.

வள்ளுவர் அவ்வதிகாரத்தின் இடையில் வேறொரு வழியைக் காட்டுகின்றார். ஒருவர் உயர்வையும் தாழ்வையும் அளக்க அவரவர் செய்யுஞ் செயலையே கட்டளைக்கல்லாக வைக்கின்றார். கட்டளைக்கல் என்பது பொற்கொல்லர் பொன்னை உரைத்துப் பார்க்குங் கல். பொற்கொல்லர் நகையின் வேலைப்பாட்டைக் கண்டு மாற்றுக் கூறுவதில்லை. கொண்டுவந்தவர் யாருடைய உறவினர் எனக் கேட்டும் கூறுவதில்லை. கல்லில் ஒரு கோடு இழுத்து, அக்கோட்டின் நிறத்தைப் பார்க்கின்றார். வேலைக்கு ஆளெடுப்பதில் அக்கோட்டுக்கு ஒப்பானது யாது? செய்யவேண்டிய வேலையிலே சிறிதளவைச் செய்யச் சொல்லிப் பார்த்தலேயாம்.

இஃது எமக்கு நூலால் மட்டும் விளங்கியதன்று. சென்ற வேனில் விடுமுறையிற் பிழை திருத்தும் வேலை நாடி ஓர் அலுவலகத்துக்குச் சென்றோம். இரண்டரை மணி நேரம் மரப்பலகையிற் காத்திருந்தபின் உள்ளே அழைக்கப்பட்டோம். கேட்கப்பட்ட கேள்விகள் மூன்று: ஊர் எது, தந்தையார் யாது செய்கின்றார், யார் அனுப்பினார்கள். மூன்றாவது கேள்விக்கு 'ஒருவரும் அனுப்பவில்லை, ஐயா' என்றோம். 'சொல்லியனுப்புகின்றோம்' என்று விடைகொடுத்தனர். எமக்கு ஒற்றெழுத்து மிகுமிடம் மிகாவிடம் தெரியுமா என அறிய அங்கே ஒருவர்க்கும் விருப்பமில்லை. வீடு திரும்பும் வழியில் எம் உள்ளம் கசந்தது உண்மை. அக்கசப்பு இக்கட்டுரையிலும் சிறிது ஏறியிருக்கலாம்.

ஒரு கிழமை கழித்து வேறோர் அச்சகத்துக்குச் சென்றோம். அங்கிருந்த முதியவர் எம் பெயரைக்கூட முதலிற் கேட்டிலர். அச்சுப்படி ஒன்றையும் சிவப்பு மைப் பேனாவையும் மேசைமேல் வைத்து, 'தம்பி, இதைப் பாரும். அரைமணி நேரம் போதுமா?' என்றார். யாம் திருத்திக் கொடுத்ததைத் தம் படியோடு ஒப்பிட்டு, 'பதினேழில் பதினொன்று கண்டீர். பிழையில்லாத ஓரிடத்தையும் பிழையாக்கிவிட்டீர்' என்று நகைத்தார். விட்ட ஆறையும் ஒவ்வொன்றாய்க் காட்டினார். அவற்றுள் நான்கு ஒரே வகைப்பட்டவை: வரி முடிவிற் சொல் முறியுமிடத்தில் எழுத்து விடுபட்டவை. 'வரியோரத்தைக் கண் தாண்டிவிடும். விரலை வைத்துப் படியும்' என்றார். அவ்வச்சகத்தில் ஒரு திங்கள் வேலை கிடைத்தது. கிடைத்திராவிடினும் அவ்வரைமணி நேரத்தில் எம் குறை இன்னதென்று அறிந்து திரும்பியிருப்போம். முன்னைய அலுவலகத்தில் எம்மைப்பற்றி அவர்களும் அறிந்திலர். யாமும் ஒன்றும் அறிந்திலோம்.

அம்முதியவர் கைக்கொண்ட முறை இக்கால உளநூலாராற் பலவாறு ஆராயப்பெற்றிருக்கின்றது. 1998-இல் சுமிட், ஹண்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஆளெடுக்கும் முறைகள் பற்றி எண்பத்தைந்து ஆண்டுகளில் வெளிவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஒப்பிட்டனர். வேலையையே மாதிரியாகச் செய்யச் சொல்லிப் பார்த்தல், பின்னாளில் ஒருவர் எவ்வாறு வேலை செய்வார் என்பதை முன்னறியும் சிறந்த வழிகளுள் ஒன்றாக அவர்களுக்குத் தென்பட்டது. 2022-இல் சாக்கெட் என்பாரும் உடனாய்வாளரும் அக்கணக்கை மீண்டும் ஆராய்ந்து, பல முறைகளின் மதிப்பைக் குறைத்தனர். அவர்கள் வரிசையில் முதலிடம் பெற்றது ஒழுங்கமைந்த நேர்முகத் தேர்வு. அஃதாவது, எல்லார்க்கும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையிற் கேட்டு, விடைக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதையும் முன்னரே வரையறுத்துக்கொள்வது. வாய்க்கு வந்ததைக் கேட்டு உரையாடி முடிவுசெய்யும் நேர்முகம் அதனினும் வெகு கீழே நிற்கின்றது. ஒருவர் இத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்னும் வெறுங் கணக்கோ ஏறக்குறையக் கடைசியில் இருக்கின்றது. 'ஐந்தாண்டு அனுபவம் வேண்டும்' என விளம்பரம் செய்வோர் இதனைக் கருதுவாராக. முதலாண்டு வேலையை ஒருவரும் தாராவிடின் ஐந்தாவது ஆண்டு எங்கிருந்து வரும் என்பது எம்மனோர் கேள்வி.

இனிச் சிபாரிசு. அன்பையே பற்றுக்கோடாகக்கொண்டு அறியாதாரைத் தேர்ந்தால் அறியாமையே விளையும் என்பது வள்ளுவர் கருத்து. நம்மவர் இதனை அறியாதவரல்லர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதற்பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, உள்ளன. ஊர் வாரியங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை அவற்றிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. பின்னைய கல்வெட்டின்படி முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் உள்ளவராய், இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய் இருத்தல் வேண்டும். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர். அவர் மட்டுமல்லர், அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், அம்மான் மக்கள் எனச் சுற்றத்தாரும் நீண்ட பட்டியலாக விலக்கப்படுகின்றனர். உறவின் வழியே பதவி சுற்றி வருவதை அவ்வூரார் நன்கு கண்டிருந்தனர் போலும்! பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்தனர். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்னும் விதியும் உண்டு. கையில் ஓலை மறைத்து வைக்க இடமின்றி இவ்வாறு செய்தனர். இவ்வளவு நுட்பமான முறையும் வேதம் கற்ற அந்தணர் ஊர்க்கே உரியதாய், நிலமில்லாதாரையும் பெண்டிரையும் முழுவதும் விலக்கியே நின்றது என்பதை மறைத்தல் தகாது. கதவுக்கு எத்துணை நல்ல பூட்டு இட்டாலும், எவரை வாயிலுக்கே வரவிடவில்லை என்பதும் கேட்கவேண்டிய கேள்வியன்றோ?

அக்கேள்வி பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. தோரட், அட்டிவெல் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்திய நாளிதழ்களில் தனியார் நிறுவனங்கள் செய்த விளம்பரங்களுக்கு 4,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. கல்வித் தகுதி ஒத்தது. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துக்களின் பெயர் தாங்கிய விண்ணப்பங்களை நோக்க, தலித்துகளின் பெயரும் முஸ்லிம்களின் பெயரும் தாங்கியவற்றுக்கு அழைப்பு வருதல் குறைந்திருந்தது. ஆளைக் காணுமுன்னரே பெயர் தெளிவித்துவிட்டது, தெரிதல் நிகழவேயில்லை. அச்சகத்து முதியவர் எம் பெயரை முதலிற் கேளாததன் பெருமை இதனை வாசித்த அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

அரசாங்க உத்தியோகத்துக்குப் போட்டித் தேர்வு ஏற்பட்டதும் இதே நோய்க்கு மருந்தாகத்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தமக்கு வேண்டியவரைச் சிவில் உத்தியோகத்துக்கு நியமித்துவந்த வழக்கம் 1855-இல் திறந்த போட்டித் தேர்வுக்கு இடங்கொடுத்தது. மாகாணங்களுள் முதன்முதல் உத்தியோகத் தேர்வுக்கென ஓர் ஆணையம் கண்டது சென்னையே, ஆண்டு 1929. மாணவர் பலர் அத்தகைய தேர்வுகளுக்கே ஆண்டுக்கணக்காய் ஆயத்தஞ் செய்வதால் இங்கு விரிக்கவில்லை.

வேலை தேடும் நண்பர்க்கு யாம் கூறுவது மிகுதியில்லை. ஒருவர் எழுதியதை ஒன்பதின்மர் படியெடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுக. விளம்பரத்தை இருமுறை படித்து, அவர்கள் கேட்கும் வேலை யாது, அதனை ஒத்ததாக நாம் முன்பு செய்தது யாது என்ற இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதினாற் போதும். 'கடின உழைப்பாளி', 'நேர்மையாளன்' என்று தன்னைத் தானே புகழ்வதை எவரும் நம்பார்; கல்லூரி மலருக்குப் பிழை திருத்தினேன், விடுதி உணவுக் கணக்கை ஆறு திங்கள் எழுதினேன் என்பவற்றை நம்புவர், கேட்டறியவும் கூடும். அம்மலரை, அக்கணக்கேட்டின் ஒரு படியைக் கையோடு கொண்டுபோகலாம். தெரியாததைத் தெரியுமென்னற்க. குறையற்ற கல்வியாளரிடத்தும் தேடினால் அறியாமை சிறிது இல்லாதிருத்தல் அரிது என்று வள்ளுவரே ஒப்புகின்றார், நமக்கு நாணமென்ன? நேர்முகத்தில் நாமும் கேட்கலாம்: நாள்தோறும் செய்யவேண்டியது யாது, யாருக்குக் கீழ், மாதச் சம்பளம் எவ்வளவு, எழுத்தில் உத்தரவு உண்டா. இவற்றைக் கேட்பதால் வெகுளும் எஜமானர் பின்னும் வெகுள்வார்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கின்றோம். முன்பணம் கேட்பவரிடம் செல்லற்க. பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம், சீருடைப் பணம், வைப்புத் தொகை எனப் பெயர் எதுவாயினும் ஆகுக. வேலை செய்பவனுக்குப் பணம் தருவதே வேலை. அவனிடமிருந்து வாங்குவது வேறு தொழில். எம் ஊரில் ஒரு தாயார் மகனுடைய அயல்நாட்டு வேலைக்காகத் தாலிக்கொடியை அடகுவைத்துக் கொடுத்தார். முகவர் வீட்டில் இன்று பூட்டுத் தொங்குகின்றது. மகன் பழைய வயலிலேயே இருக்கின்றார், கொடி திரும்பவில்லை. அயல்நாட்டுக்கு ஆள் சேர்ப்போர் அரசாங்கத்திற் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் விதித்தது. பதிவெண்ணைக் கேட்பதற்கு அத்தாயார்க்கு ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தால் போதுமாயிருந்தது. கல்லூரியிற் படிக்கும் நாம் அவ்விடத்தில் இருந்தோம், சொல்லவில்லை.

வேலை தரும் பெரியோர்க்கு இரண்டு விண்ணப்பம். ஆராய்ந்து எடுத்தபின் ஐயுறவேண்டா. ஆராயாமல் நம்புவதையும், நம்பியபின் ஐயப்படுவதையும் ஒரே குறளில் வைத்து, இரண்டும் தீராத் துன்பம் தரும் என்பது அவ்விருபதில் எமக்கு மிகப் பிடித்த இடம். புதிதாகச் சேர்ந்தவன் ஒவ்வோர் ஓலையையும் மேலாளர் கண்ணிற் காட்டியே அனுப்பவேண்டுமென்றால், இருவர் சம்பளத்தில் ஒருவர் வேலையே நடக்கும். எங்கள் அச்சகத்தில் மூன்றாவது கிழமையிலிருந்து எம் திருத்தத்தை முதியவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அன்றுமுதல் யாம் இருமுறை பார்த்தோம்.

மற்றொன்று சிறியது. வேண்டாம் என்று முடிவுசெய்தால் அதனை ஒரு வரியில் எழுதியனுப்புங்கள். அஞ்சலட்டையோ மின்னஞ்சலோ போதும். அவ்வொரு வரி வாராமையால் வேறிடத்து வேலையை ஏற்காமல் காத்திருந்து இரண்டையும் இழந்தவர் எம் விடுதியிலேயே இருக்கின்றார். யாம் முதலிற் சென்ற அலுவலகத்தார் சொல்லியனுப்புவதாகச் சொல்லிப் பத்துத் திங்களாகின்றது. இதுகாறும் ஒரு வரியும் வந்திலது.