சிபில் ஸ்கோர் விழுந்துடுச்சா? அக்கா சொல்றதைக் கேளு!

தங்கச்சி, 'உங்க சிபில் சரியில்லை மேடம்'னு பேங்க்ல லோன் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துட்டாங்களா? 'காசு கொடுங்க, ஒரே மாசத்துல ஸ்கோரை ஏத்திக் காட்டுறோம்'னு வாட்ஸ்அப்ல வர்ற ஆளுங்க பக்கம் மட்டும் போயிடாதே. நிஜமாவே நீ கட்டாம விட்ட தவணையை எந்த ஏஜென்ட்டாலயும் அழிக்க முடியாது. தப்பா ஏறின பதிவை நீயே பைசா செலவில்லாம திருத்திடலாம்.

ரிப்போர்ட்டை எடு
சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நம்ம கடன் விவரத்தைப் பதிவு பண்ற நாலு நிறுவனங்கள் இருக்கு. ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமாத் தரணும். உன் ரிப்போர்ட்டை நீ பார்க்கறதால ஸ்கோர் குறையாது.

கட்டம் கட்டமாப் படி
300-லேருந்து 900 வரைக்கும் போடற அந்த மார்க்கை மட்டும் பார்த்துட்டு மூடி வெச்சுடாதே. ஒவ்வொரு கடனுக்கும் மாசவாரியா கட்டம் இருக்கும். '000'னு இருந்தா, பாக்கி இல்லைனு அர்த்தம். '030'னா முப்பது நாள் தாமதம். நீ வாங்காத கடன், கட்டி முடிச்சும் பாக்கி காட்டற கடன், சொந்தக்காரங்களுக்கு நீ ஜாமீன் போட்ட கடன்... மூணையும் தேடிப் பாரு.

தப்பு இருந்தா விடாதே
ரிப்போர்ட் கொடுத்த நிறுவனத்தோட இணையதளத்துலயே 'டிஸ்ப்யூட்' போடு. கடன் கொடுத்த பேங்குக்கும் மெயில் அனுப்பு. 30 நாளுக்குள்ள தீர்த்து வைக்கணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு கேட்கலாம். அப்பவும் அசையலைனா, ரிசர்வ் வங்கியோட ஆம்புட்ஸ்மேன்கிட்ட புகார் கொடுக்கலாம். விவரம் கேட்க 14448-க்கு போன் போடு.

'செட்டில்மென்ட்'னா உஷார்
'பாதி கட்டுங்க, முடிச்சுடலாம்'னு வசூல் ஆள் சொல்றது கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ரிப்போர்ட்ல 'செட்டில்டு'னு விழும். அடுத்த பேங்க் அதைப் பார்த்துத் தயங்கும். முடிஞ்சவரைக்கும் முழுசாக் கட்டி, 'குளோஸ்டு'னு மாத்தச் சொல்லி, பாக்கி இல்லைங்கறதுக்கான என்.ஓ.சி. கடிதத்தைக் கையோட வாங்கிக்கோ. தவணை கட்டவே முடியலையா? போனை ஆஃப் பண்ணி வைக்காம, நேரா மேனேஜரைப் பார்த்து, காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமானு கேளு.

இனிமே இப்படி
தவணைக்கு ஆட்டோ டெபிட் போட்டு வை. ஒரு லட்சம் லிமிட் உள்ள கிரெடிட் கார்டுல செலவை 30,000-க்குள்ள நிறுத்திக்கோ. 'மினிமம் ட்யூ' மட்டும் கட்டினா வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும். யாரும் கார்டு தரலைனா, ஃபிக்ஸட் டெபாசிட்டை அடமானமா வெச்சு ஒரு கார்டு வாங்கு. மளிகைக்கு மட்டும் தேய்ச்சு, மாசாமாசம் முழுசாக் கட்டிடு.

ஒரு ஆறு மாசம் இப்படி ஒழுங்காக் கட்டிட்டு, மறுபடி ரிப்போர்ட்டைப் பாரு. அதுவரைக்கும் பேங்க் பேங்கா விண்ணப்பம் போடாதே. கடன் கிடைக்குதோ இல்லையோ, கேட்டது ஒவ்வொண்ணும் ரிப்போர்ட்ல பதிஞ்சுடும்!