மின் சக்கர நாற்காலி நகர மறுத்தால்: பற்றறி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மின் சக்கர நாற்காலி கிடைத்த ஒருவர் படலை வரைக்கும், சந்தை வரைக்கும் பிறர் உதவியின்றிப் போய் வரத் தொடங்குகிறார். அது நின்றுபோனால் அவர் மட்டும் முடங்குவதில்லை. அவரைத் தூக்கி இருத்த ஒருவர் வயல் வேலையை விட்டு வீட்டில் நிற்க வேண்டியதாகிறது. இந்த அவசரத்தில் “பற்றறி செத்துப்போச்சு, புதுசு வாங்குங்கோ” என்ற பேச்சைக் கேட்டு, கடன்பட்டுப் புதுப் பற்றறி பூட்டுகிறோம். பழுது வேறிடத்தில் இருந்தால் நாற்காலி அப்போதும் அசையாது. கடன் மட்டும் மிஞ்சும்.

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் குளம் வற்றிவிட்டது என்று நாம் உடனே சொல்லிவிடுவதில்லை. மதகு திறந்திருக்கிறதா, வாய்க்கால் அடைபட்டதா, குளத்துக்கு நீர்வரத்து உண்டா என்று நடந்து பார்க்கிறோம். இங்கே பற்றறிதான் குளம். வயர்கள் வாய்க்கால். சுவிச்சும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மதகு. மின்னேற்றி, அதாவது சாஜர், குளத்துக்கு வரும் நீர்வரத்து. இந்த நான்கையும் ஒழுங்காகப் பார்ப்பதே இன்றைய பாடம்.

முதலில் தெரிய வேண்டியது

பெரும்பாலான மின் நாற்காலிகளில் இருக்கைக்குக் கீழே 12 வோல்ற் பற்றறிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மொத்தம் 24 வோல்ற். இவை மூடி முத்திரையிட்ட ஈய அமிலப் பற்றறிகள். இவற்றைத் திறக்கவோ தண்ணீர் விடவோ கூடாது. மடித்து வைக்கக்கூடிய சில புதிய நாற்காலிகளில் லித்தியம் பற்றறி உண்டு. அதற்குரிய மின்னேற்றியைத் தவிர வேறெதையும் அதற்குப் பூட்டக்கூடாது. கீழே தரும் வோல்ற் அளவுகள் ஈய அமிலப் பற்றறிக்கு மட்டுமே பொருந்தும்.

மதகைப் பார்ப்போம்

1. மின்னேற்றியின் வயர் இன்னும் பூட்டியிருக்கிறதா? அது பூட்டியிருக்கும்போது பெரும்பாலான நாற்காலிகள் ஓடமாட்டா.

2. நாற்காலியைக் கையால் தள்ளுவதற்காக மோட்டாரை விடுவிக்கும் நெம்புகள் பின்சக்கரத்தருகில் இருக்கும். இரண்டும் ஓடும் நிலைக்குத் திருப்பப்பட்டுள்ளனவா?

3. பற்றறிப் பெட்டியருகே சிறிய பிறேக்கர் பொத்தான் வெளியே தள்ளி நிற்கிறதா? ஒரு முறை உள்ளே அழுத்திப் பார்க்கலாம். மீண்டும் வெளியே வந்தால் எங்கோ குறுக்குச் சுற்று உண்டு. திரும்பத் திரும்ப அழுத்தாமல் மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்.

வாய்க்காலைப் பார்ப்போம்

சுவிச்சை நிறுத்தி, மோதிரம், காப்பு, சங்கிலிகளைக் கழற்றிய பின்பே பற்றறிப் பெட்டியைத் திறக்க வேண்டும். இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் ஸ்பனர் தொட்டால் தீப்பொறி பறந்து கை வெந்துவிடும்.

எலி கடித்த வயர், தளர்ந்த ஆணி, முனையில் படிந்த வெள்ளை அல்லது பச்சைப் பூ ஆகியவற்றைத் தேடுங்கள். சேற்றிலும் மழையிலும் ஓடிய நாற்காலியில் இவை சாதாரணம். எந்த வயர் எந்த முனைக்கு என்று கடதாசியில் வரைந்துகொண்டு வயரைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்கு காயவிட்டு, இறுக்கிப் பூட்ட வேண்டும். நேர்முனையும் மறைமுனையும் மாறினால் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்துபோகலாம்.

நீர்வரத்தைப் பார்ப்போம்

வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்த நாற்காலியானால் மின்னேற்றியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டை முதலில் வாசியுங்கள். எமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. சீட்டில் 100 முதல் 240 வரை என்றிருந்தால் பயமில்லை. 100 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் எமது பிளக்கில் செருகியதும் அது எரிந்துவிடும்.

மின்னேற்றியின் வெளிச்சமும் பேசும். வெளிச்சமே இல்லையென்றால் பிளக்கையும் பியூசையும் பாருங்கள். நாள் முழுவதும் ஓடிய நாற்காலியில் பூட்டிய சில நிமிடங்களிலேயே “நிறைந்தது” என்று காட்டினால் பற்றறியின் கொள்ளளவு குறைந்திருக்கலாம். இரவு முழுவதும் பூட்டியும் நிறையாமல் பற்றறி கொதித்தால் உடனே கழற்றிவிடுங்கள். அந்தப் பற்றறி உள்ளே பழுதாகியிருக்கலாம்.

கடைசியாகக் குளத்தைப் பார்ப்போம்

இதற்கு ஒரு மல்ரிமீற்றர் வேண்டும். அதை நேர் மின்னோட்ட வோல்ற் அளவில் வையுங்கள். மின்னேற்றியைக் கழற்றி மூன்று நான்கு மணித்தியாலம் விட்ட பின் அளந்தால், நிறைந்த பற்றறி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12.7 வோல்ற்றோ சற்றுக் கூடவோ காட்டும். 12.2 என்றால் பாதி. 11.8க்குக் கீழ் என்றால் வெறுமை. ஒன்று 12.7, மற்றது 12 என்று காட்டினால் பலவீனமானது எது என்பது தெரிந்துவிடும்.

மின்னேற்றியைப் பூட்டி மீண்டும் அளவுங்கள். இரண்டும் சேர்ந்த வோல்ற் படிப்படியாக 28 வரை ஏறினால் மின்னேற்றி வேலை செய்கிறது. சற்றும் ஏறாவிட்டால் மின்னேற்றியிலோ அதன் வயரிலோ பழுது. முற்றாக வெறுமையான பற்றறியை அடையாளம் காணாமல் வேலை தொடங்க மறுக்கும் மின்னேற்றிகளும் உண்டு. அப்போது லொறிப் பற்றறிச் சாஜரைப் பூட்டிப் பார்க்காமல், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

முனைகள் சுத்தமாக இருந்தும், ஏற்றத்தில் வெளிச்சங்கள் சட்டென்று இறங்கி, நின்றதும் மீண்டும் ஏறினால் பற்றறி கிழடாகிவிட்டது. இப்போது வாங்குவது வீண்செலவல்ல. ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஒரே வகை, ஒரே அளவுள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். மலிவென்று கார்ப் பற்றறி பூட்டுவதும் நட்டமே. அது எஞ்சினை ஒரு கணம் உதைத்துக் கிளப்புவதற்கென்று செய்யப்பட்டது. ஆழமாக வெறுமையாகும் வேலையில் விரைவில் கெடும். சரிந்தால் அமிலமும் சிந்தக்கூடும்.

பற்றறி நீண்டகாலம் உழைக்க

ஓடிய நாளில் அன்றிரவே மின்னேற்ற வேண்டும். முழுதும் வெறுமையாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெறுமையாகக் கிடக்கும் ஈயப் பற்றறியின் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். நிறைவதற்கு 8 முதல் 12 மணித்தியாலம் செல்லும். இடையில் கழற்றாதீர்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை நாம் மறக்கவில்லை. அப்படியான காலத்தில் மின்சாரம் வந்தவுடன் பூட்டிவிட வேண்டும். ஓடாமல் நிற்கும் நாற்காலிக்கும் கிழமைக்கு ஒரு முறை மின்னேற்றுங்கள்.

25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை வெப்பமும் பற்றறியின் ஆயுளை ஏறத்தாழப் பாதியாக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே நாற்காலியை நிழலில் விடுங்கள். மின்னேற்றும்போது எரியக்கூடிய வாயு வெளிவரக்கூடும் என்பதால் அடுப்படியிலோ காற்றோட்டமில்லாத கொட்டிலிலோ பூட்டாதீர்கள். பழைய பற்றறியை உடைக்கவோ கிணற்றடியில் போடவோ வேண்டாம். ஈயம் நஞ்சு. பழைய பற்றறி வாங்குபவர்களிடம் கொடுத்தால் சிறிது பணமும் கிடைக்கும்.

ஒவ்வொரு வீடும் மல்ரிமீற்றர் வாங்கத் தேவையில்லை. கிராமச் சங்கத்தில் ஒன்று இருந்து, அதைப் பிடிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் இருந்தால் போதும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுங்கள். ஓடுகின்ற ஒரு நாற்காலியை வைத்து இப்போதே அளந்து பழகினால், ஒன்று நின்றுபோகும் நாளில் கை தடுமாறாது.