பெரிய வீல், சின்ன ஸ்டெப்னி

சிவராத்திரிக்கு ஐம்பூதத் தலங்களைச் சுற்றுகிறவர்களின் கார்கள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் விடிய விடிய ஓடும். மண்ணுக்குச் சங்கரன்கோவில், நெருப்புக்குக் கரிவலம்வந்தநல்லூர், நீருக்குத் தாருகாபுரம், காற்றுக்குத் தென்மலை, ஆகாயத்துக்குத் தேவதானம். ராஜபாளையம் சாலையை விட்டு இறங்கினால் பல இடங்களில் குறுகலான கிராமச் சாலைதான், ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். காற்றுத் தலத்துக்குப் போகிற வழியிலேயே டயரில் காற்று இறங்குவது இந்தப் பக்கத்தில் அதிசயமில்லை.

கம்பெனி வீலோடு ஓடும் வண்டி என்றால் ஸ்டெப்னியை மாட்டிவிட்டுப் போய்விடலாம். வெளியில் வாங்கிய பெரிய அலாய் வீல் போட்ட வண்டிக்கு அது அவ்வளவு சுலபமில்லை. டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னி, நட், ஸ்பானர், ஜாக்கி எல்லாமே பழைய வீலுக்காகக் கொடுக்கப்பட்டவை.

காற்று இறங்கியது தெரிந்ததும் உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். “அடுத்த பஞ்சர் கடை வரை உருட்டிப் போயிடலாம்” என்ற யோசனையே வேண்டாம். உதாரணமாக, கம்பெனி வீலில் இருந்த 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர் உயரம். பெரிய அலாயில் போடும் 215/45 ஆர்17 டயருக்கு அது 97 மில்லிமீட்டர்தான். காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டினாலும் டயரின் பக்கச்சுவர் நைந்துவிடும், ரிம்மும் அடி வாங்கும். அதற்காகக் கண்ட இடத்தில் ஒதுங்கவும் கூடாது. சாலையோரக் கரிசல் மண்ணில், அதுவும் மழை பெய்திருந்தால், ஜாக்கி அப்படியே புதையும். நெல் காயப்போடும் சிமென்ட் களம், பேருந்து நிறுத்தம், பெட்ரோல் பங்க் என்று கெட்டித் தரை தெரிந்தால் மெதுவாக ஊர்ந்து அங்கே போய்விடுங்கள். கண்சிமிட்டும் விளக்கைப் போட்டு, பின்னால் முக்கோணப் பலகையை வைத்து, கூட வந்தவர்களைச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர்ச் சக்கரத்துக்கு ஒரு கல்.

அடுத்து டயரை நன்றாகப் பாருங்கள். முள்ளோ ஆணியோ தெரிந்தால் பிடுங்காதீர்கள். டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். காற்று மெல்ல இறங்குகிறது, ஓட்டை தரையில் படும் பகுதியில்தான் இருக்கிறது என்றால் வீலைக் கழற்றவே வேண்டாம். வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்னக் காற்றுப் பம்பால் காற்றடித்து, நிதானமாகக் கடைக்குப் போய்விடலாம். பெரிய வீல் போட்டவர்கள் முதலில் வாங்க வேண்டிய பொருள் இந்தப் பம்புதான். பக்கச்சுவர் கிழிந்திருந்தால், புடைத்திருந்தால் பம்பும் உதவாது, ஒட்டும் உதவாது. வீலை மாற்றியே ஆக வேண்டும்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அலாயின் நட் குழி குறுகல், கம்பெனி ஸ்பானரின் வாய் தடிமன், உள்ளேயே போகாது. மெல்லிய சுவருள்ள சாக்கெட் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து லாக் நட் போட்டிருந்தால் அதன் சாவியும் வண்டியில்தான் இருக்க வேண்டும், வீட்டு அலமாரியில் அல்ல.

ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். கழற்றப் போகும் வீலுக்குப் பக்கத்தில், வண்டியின் அடியில் ஸ்டெப்னியைப் படுக்கப் போட்டுவிட்டால், ஜாக்கி சரிந்தாலும் ஆபத்து குறையும். நட்டெல்லாம் கழற்றிய பிறகும் வீல் துரு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால், ஜாக்கியில் நிற்கும் வண்டியை உதைக்காதீர்கள். நட்டுகளைத் திரும்ப லேசாக மாட்டி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் ஒரு தள்ளு தள்ளினால் பிடி விடும்.

வீல் வந்ததும் ஹப்பின் நடுவைப் பாருங்கள். பல மாருதி, ஹூண்டாய் கார்களில் அந்த நடுக்குமிழ் 54.1 மில்லிமீட்டர். கடை அலாய்களின் நடு ஓட்டை பெரும்பாலும் 73.1. இடைவெளியை அடைக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் போட்டிருப்பார்கள். அலாயோடு வராமல் அது ஹப்பிலேயே தங்கிவிட்டால் ஸ்டெப்னி சரியாகப் பதியாது. பதிந்த மாதிரி தெரியும், ஓட ஓட நட் தளரும். வளையத்தை உருவி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நட்டும் அப்படியே. அலாயோடு வந்த நட்டின் சரிவு இரும்பு ஸ்டெப்னிக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதால் பழைய நட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு டிக்கியிலேயே வைத்திருங்கள்.

ஸ்டெப்னியை எந்தப் பக்கம் மாட்டுவது? சின்ன கார்களில் பெரும்பாலும் இழுப்பது முன் சக்கரங்கள். அவை இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடாகும். முன் டயர் பஞ்சரானால், முதலில் பின்னால் ஒரு நல்ல அலாயைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியைப் போடுங்கள். கழற்றிய அலாயை முன்னால் மாட்டுங்கள். இரண்டு முறை ஜாக்கி போட வேண்டும், சலிப்பான வேலைதான். கியர்பாக்ஸ் செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை. பின் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு இதையே மாற்றிச் செய்ய வேண்டும். மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் ஸ்டெப்னியோடு ஃபோர் வீல் டிரைவைப் போடவே கூடாது.

அளவு வித்தியாசம் எவ்வளவு என்பதும் முக்கியம். 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர், 215/45 ஆர்17 டயருக்கு 625. இந்த அளவில் பெரிய சிக்கல் வராது. கம்பீரமாகத் தெரியட்டும் என்று 215/60 ஆர்16 போட்டால் 664. ஸ்டெப்னி மாட்டிய மூலை தாழ்ந்தே போகும்.

நட்டுகளைக் கையால் திருகிவிட்டு, டயர் தரையைத் தொட்டதும் எதிரெதிராக இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. அதற்குக் காற்றும் அதிகம், பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ, பக்கத்தில் அச்சிட்டிருக்கும்.

பஞ்சர் கடையில் வீலை இறக்குவதற்கு முன், “மெஷின்ல கழட்டுவீங்களாண்ணே, லிவர் போட்டா?” என்று கேட்டுவிடுங்கள். பக்கச்சுவர் குறைந்த டயரை லிவரால் நெம்பினால் டயரின் விளிம்பு கிழியலாம், அலாயில் கோடு நிச்சயம். மெஷின் இல்லையென்றால் சங்கரன்கோவிலுக்கோ ராஜபாளையத்துக்கோ எடுத்துப் போவதே மேல்.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஒத்திகை பாருங்கள். ஸ்பானர் உள்ளே போகிறதா, ஜாக்கி எட்டுகிறதா, கழற்றிய பெரிய வீல் டிக்கியில் அடங்குகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். புதிதாக அலாய் வாங்கப் போகிறவர்கள் நாலோடு நிறுத்தாமல் அதே அளவில் ஐந்தாவதையும் கேளுங்கள். அதை வண்டியில் வைக்கவே இடமில்லை என்றால், அந்த அளவு உங்கள் வண்டிக்கு வேண்டாம்.