ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு ரசிகை

அன்புள்ள வாசகருக்கு,

பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் எந்தப் படத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்க்கிறாள், பாதிப் படங்களின் கதையை யூடியூபில் பத்து நிமிட விளக்கத்திலேயே தெரிந்துகொள்கிறாள், இப்படிப்பட்டவள் சினிமா எடுக்கப் போகிறேன் என்கிறாளே என்று வருந்தி எழுதியிருந்தீர்கள்.

இது நம் வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. ஜப்பானில் படங்களைப் பத்து நிமிடமாகச் சுருக்கி யூடியூபில் போட்டவர்களை 2021-இல் கைதே செய்தார்கள். மறு ஆண்டு 50 கோடி யென் இழப்பீடு கட்டச் சொன்னது டோக்கியோ நீதிமன்றம். போகட்டும், வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, பாட்டு வந்ததும் ஓட்டிவிட்ட நாம் மட்டும் என்ன பொறுமைசாலிகளா?

கிட்டத்தட்ட உங்கள் மகளின் வயதில் ஒரு பையன் செய்ததைச் சொல்கிறேன். 2022 ஜனவரியில் கேன் பார்சன்ஸ் என்ற 16 வயது அமெரிக்கப் பையன் 'பேக்ரூம்ஸ்' என்ற குறும்படத்தை யூடியூபில் ஏற்றினான். ஓடுவது சுமார் 9 நிமிடம். மஞ்சள் சுவர்கள், ஆளில்லாத அறைகள், டியூப்லைட்டின் ரீங்காரம், பெரும்பகுதி இவ்வளவுதான். கோடிக்கணக்கில் பார்த்தார்கள். அந்த அறைகள் உலகில் எங்கும் இல்லை. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் கட்டியவை. தான் பிறப்பதற்கு முந்தைய 1990களின் வீடியோ கேசட் மங்கலையும், கேமரா பிடித்த கையின் நடுக்கத்தையும் அவன் அச்சாகக் கொண்டுவந்திருந்தான். கருகூட அவனுடையதல்ல. 2019-இல் முகம் தெரியாத யாரோ இணையத்தில் போட்ட ஒரு புகைப்படமும் அதன் கீழே சில வரிகளும்தான். ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்து நீட்டுவதுதான் இந்தப் பிள்ளைகளின் வழி. பிறகு ஏ24 என்ற படத் தயாரிப்பு நிறுவனம் அதை முழுநீளப் படமாக இயக்கும் பொறுப்பை அவனுக்கே கொடுத்தது.

ஆகவே, அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அடுத்து என்னவென்று தெரிந்த இடத்தில் ஓட்டிவிடுகிறார்கள். தெரியாத இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கே வெட்டலாம் என்று அவர்களுக்குப் பார்க்கும்போதே தெரிகிறது. முன்பெல்லாம் எடிட்டிங் மேசையில் பல வருடம் உட்கார்ந்து கற்ற வித்தை அது.

எனக்குள்ள கவலை வேறு. பேக்ரூம்ஸில் மனித முகமே அரிது. அறைக்குள் தனியாக உட்கார்ந்து செய்யும் சினிமாவுக்கு முகம் தேவைப்படுவதில்லை. 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக வந்த கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி போன்றவர்கள் குறும்படம் எடுத்த காலத்தில் கேமரா வைத்திருப்பவரைப் பிடிக்க வேண்டும், நடிக்க ஆள் தேட வேண்டும், நண்பர்களைக் கெஞ்ச வேண்டும். அந்தக் கெஞ்சல் இயக்குநர் வேலையில் பாதி. அதை எந்த மென்பொருளும் கற்றுத்தராது.

மகளின் போனைப் பிடுங்காதீர்கள். வீட்டில் பாட்டி இருந்தால், அவரைப் பேசவைத்து ஐந்து நிமிடம் வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அதை வேகம் கூட்டாமல் அவளே ஒருமுறை பார்க்கட்டும். எடுத்ததை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். முழுதாகப் பார்த்துவிட்டு அவளுக்கே எழுதுகிறேன்.