வேனுக்குள் அடுப்பு, வெளியே உறைபனி

மார்கழி பாதியைத் தாண்டினால் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு பேச்சு கிளம்பும். ஷிப்மென்ட் போனதும் ஊட்டிக்கு ஒரு நடை போய்விட்டு வரலாமா? பொங்கல் லீவு கையில் இருக்கிறது. பன்னிரண்டு சீட் வேன் சொல்லியாகிவிட்டது. பின்பக்கம் ஒரு 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் ஏறும், கூடவே ரவையும் டீத்தூளும். பண்டிகை நாளில் லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாது என்று வேனிலேயே படுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் பனிக்குவியலுக்கு நடுவே வீடுபோன்ற வண்டியை நிறுத்தி, கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்குகிறவர்களின் யூடியூப் வீடியோக்கள் அந்தத் துணிச்சலைக் கூட்டிவிட்டன. அடுப்பையும் குளிரையும் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகள் ஆளைக் கொல்லக்கூடியவை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஊட்டியைத் தாண்டி தலைக்குந்தா பக்கம் வேனை நிறுத்தியிருந்தோம். விடியற்காலை, புல்லெல்லாம் வெள்ளை. டீ போட அடுப்பைப் பற்றவைத்தால் தீ விரல் உயரம்கூட எழவில்லை. “அண்ணா, கேஸ் உறைஞ்சு போச்சுங்க” என்றார் டிரைவர் தம்பி. சிலிண்டரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெண்பனி படிந்திருந்தது. நகத்தால் கீறினால் உதிர்ந்தது. அதற்கு மேலே கோடு போட்டதுபோல வெறும் உலோகம்.

கேஸ் உறையவில்லை. ஊட்டி என்ன, லடாக்கிலும் உறையாது. புரோப்பேன் உறைய மைனஸ் 188 டிகிரியும், பியூட்டேன் உறைய மைனஸ் 138 டிகிரியும் வேண்டும். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. நாம் அடுப்பைத் திறக்கும்போது அது ஆவியாகிறது. ஆவியாகும்போது தன் சூட்டையே இழந்து குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் சிலிண்டரின் வெளிப்புறத்தில் பனியாகப் படிகிறது. பனியின் மேல்விளிம்பு உள்ளே திரவம் எதுவரை நிற்கிறது என்பதைக் காட்டும் கோடு. நம்மூர் புரோட்டாக் கடையில் பெரிய பர்னரை விடாமல் எரித்தால், சித்திரை வெயிலிலும் 19 கிலோ சிலிண்டர் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே சங்கதிதான்.

அப்படியானால் தீ ஏன் குறைந்தது? புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்கு மேலே போனால்தான் ஆவியாகும். நம் சமையல் கேஸ் இரண்டும் கலந்தது. குளிரில் புரோப்பேன் முந்திக்கொண்டு வெளியேறிவிடும். பியூட்டேன் அடியில் தங்கிவிடும். பாதி தீர்ந்த சிறிய சிலிண்டர் உறைபனியில் படுத்துக்கொள்வது அதனால்தான். யூடியூபில் பார்க்கும் அமெரிக்க வண்டிகளில் இருப்பது கிட்டத்தட்டச் சுத்தமான புரோப்பேன். அங்கே மைனஸ் 20 டிகிரியிலும் அடுப்பு எரிகிறது. அந்த வண்டிகளோடு வரும் ஹீட்டர் வெளிக்காற்றை இழுத்து எரிந்து, புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளுவது. நம் வேனில் வைக்கும் ஒற்றை அடுப்புக்கு அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது.

தீ குறைந்தால் சிலிண்டரைப் படுக்கவைக்கலாம், கொதிக்கிற தண்ணீர் ஊற்றலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. எங்கள் தம்பியும் சிலிண்டரைச் சாய்க்கத்தான் போனார். சாய்த்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். வெளியே வந்ததும் அது ஏறக்குறைய 250 மடங்கு விரியும், அடுப்பு தீப்பந்தமாகிவிடும். சிலிண்டரைத் தீயில் காட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், கொதிநீரும் கூடாது. காற்று மறைவில், ஒரு பலகையின் மேல் நிமிர்த்தி வையுங்கள். தீயைச் சிறிதாக வைத்துப் பொறுமையாக எரியுங்கள். மலைக்குப் போகும்போது நிறைந்த சிலிண்டரை எடுத்துப் போங்கள். அவ்வளவு போதும்.

இதுவரை சொன்னதில் டீ தாமதமாகும், சமையல் கெடும். இனிச் சொல்வது உயிர் விஷயம்.

“அடுப்பைச் சிம்மில் போட்டுவிட்டுப் படுத்தால் வேன் வெதுவெதுன்னு இருக்கும், கேஸ் கசிந்தால் வாசம் வந்துடுமே” என்பார்கள். சமையல் கேஸுக்கு இயல்பில் மணமில்லை. கசிவைக் காட்டிக்கொடுக்கவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை அதில் கலக்கிறார்கள். ஆனால் கேஸ் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரு கிலோ கேஸ் ஒழுங்காக எரியச் சுமார் 13 கன மீட்டர் காற்று வேண்டும். ஒரு வேனின் உட்புறமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழக் கால் பங்கு குறைவு. மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிய எரிய ஆக்சிஜன் குறைந்து, நீலத் தீ மஞ்சளாகும். கார்பன் மோனாக்சைடு கூடும். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் குமட்டலும் கிறுகிறுப்பும் வரும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தவர்கள் “மலை ஒத்துக்கல” என்று சொல்லிப் படுத்துவிடுவார்கள். வண்டிக்குள் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் யோசிக்காதீர்கள், எல்லோரையும் வெளியே இறக்குங்கள்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூருக்குப் போன கேரளச் சுற்றுலாப் பயணிகளில் எட்டுப் பேர், குளிருக்காக கேஸ் ஹீட்டர் போட்ட ஒரே விடுதி அறையில் தூங்கி, எழுந்திருக்கவே இல்லை. அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். கதவும் ஜன்னலும் உட்புறம் தாழிடப்பட்டிருந்தன.

“அடுப்பு வேண்டாம், ஜெனரேட்டர் வெளியேதானே ஓடுது” என்பவர்கள் வடகரையை நினைக்க வேண்டும். 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு காரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு தரையிலிருந்த ஓட்டை வழியே உள்ளே ஏறியதைக் கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதித்துச் சொன்னார்கள். அது உறைபனி ஊரும் இல்லை.

ஜன்னலை ஒரு விரல் இடைவெளிக்குத் திறந்துவைத்தால் சரியாகிவிடும் என்பதும் நம்பத்தக்கதல்ல. கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. சீட்டுக்கு அடியில், தரையில் குளம்போலத் தேங்கும். மேலே திறந்த ஜன்னலுக்கு அது எட்டாது. காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த லக்னோ சுற்றுலாப் பெட்டியில், திருட்டுத்தனமாக ஏற்றி வந்த சிலிண்டரால் பிடித்த தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப்போலச் சமைத்துச் சாப்பிட்டு ஊர் பார்க்க வந்தவர்கள்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது ஜன்னல் கண்ணாடியில் வழிந்து போர்வையை நனைக்கும். விடியும்போது முன்பைவிட அதிகமாகக் குளிரும்.

குளிருக்கு வேண்டியது நம் ஊரிலேயே இருக்கிறது. ஐரோப்பாவின் பனிக்காலத்துக்கு ஃப்ளீஸும் தெர்மலும் தைத்து அனுப்பும் ஊர் இது. ஃப்ளீஸின் உட்புறத்தைச் சுரண்டிப் பஞ்சாக்குவதே காற்றைப் பிடித்துவைத்து உடம்புச் சூட்டைக் காப்பாற்றத்தான். காதர்பேட்டையில் ஒரு நடை போனால் ஆளுக்கு ஒரு ஹூடியும் ஒரு தெர்மலும் வாங்கிவிடலாம். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கம்பளிக்குள் படுங்கள்.

அடுப்பை வண்டிக்கு வெளியே, வெட்டவெளியில் வைத்துச் சமையுங்கள். முடிந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போடுங்கள். கசிவு வாசம் வந்தால் 1906க்கு அழையுங்கள். இந்தப் பொங்கலுக்கு மலையேறுகிறவர்கள், தூங்கப் போகும்முன் யாராவது ஒருவர் எழுந்து வேனுக்குள் எதுவும் எரியவில்லை என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.