பஞ்சுத் தீக்குத் தண்ணீர்தான்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தீயணைப்புப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. எங்கே போனாலும் சுவரில் ஏபிசி பவுடர் சிலிண்டர்தான். எல்லாத் தீக்கும் ஆகும் என்று விற்கிறார்கள், பெரும்பாலான தீக்கு ஆகும்தான். ஆனால் கட்டிங் வேஸ்ட் மூட்டையில் பிடித்த தீக்கு அதை மட்டும் நம்ப முடியாது. பவுடர் சுவாலையை அடக்கும், சூட்டைத் தணிக்காது. மேலே தூள் படிந்து எல்லாம் அடங்கினாற்போலத் தெரியும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி புகையும். அதனால் மெயினை அணைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். பிறகு மூட்டையைக் கிளறி உள்ளேயும் நனைக்க வேண்டும். வேஸ்ட் குடோனுக்கு 9 லிட்டர் தண்ணீர் சிலிண்டர் வாங்கி மாட்டுங்கள் என்று எல்லா முதலாளியிடமும் சொல்கிறேன். ஆடிட்டுக்கு பவுடரே போதும் என்பார்கள்.

பேனல் போர்டுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. அங்கே கார்பன் டை ஆக்சைடு. பவுடரும் அணைக்கும்தான், ஆனால் அந்தத் தூள் ஈரம் பட்டால் உள்ளிருக்கும் உலோகத்தை அரித்துவிடும். கேஸ் வரும் குழல் உறைபனியாகக் குளிரும். வெறுங்கையால் பிடித்தால் தோல் போய்விடும். சின்ன அறையில் அடித்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள், மூச்சு முட்டும். இந்த சிலிண்டரில் முள் காட்டும் கேஜ் கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். கேஸ் எடையில் 10 சதவீதம் குறைந்திருந்தால் ரீஃபில்லுக்கு அனுப்புங்கள்.

கேன்டீனில் பூரிச் சட்டி பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்துப் பெரிய மூடியால் மூடினால் போதும். தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் தெறித்துத் தீ கூரைக்கு எழும்பும்.

பயிற்சியில் பாதிப் பேர் தடுமாறுவது பின்னை இழுப்பதில்தான். பதற்றத்தில் கைப்பிடியையும் சேர்த்து அழுத்துவார்கள், பின் இறுகிவிடும். சிலிண்டரைத் தரையில் வைத்து, கைப்பிடியை விட்டுவிட்டு, பின்னைத் திருகி இழுங்கள். வாசல் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, தீயின் அடியில் இடமும் வலமுமாக வீசுங்கள். 6 கிலோ சிலிண்டர் அரை நிமிஷம்கூட வராது. அதற்குள் அடங்காவிட்டால் வெளியேறி 101-க்குப் போடுங்கள்.

லேசாக அடித்துப் பார்த்த சிலிண்டரைத் திரும்ப மாட்டி வைக்காதீர்கள். வால்வில் தூள் சிக்கி, பிரஷர் மெல்லக் கசிந்துவிடும்.